தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவே

(கதிர்காமப் பாதயாத்திரை பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கதிர்காமப் பாதயாத்திரையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில், செல்வச்சந்நிதி வாசலில் தொடங்கி, கிழக்குக் கரையோடு இறங்கி, காட்டை ஊடறுத்துக் கதிர்காமம் போய்ச் சேர ஒன்றரை மாதம் பிடிக்கிற நடை அது. முழுவதையும் சொல்லப் புகுந்தால் ஊர்ப்பெயர்களை அடுக்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் ஒரே ஒரு பகலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குமுக்கன் ஆற்றங்கரையில் எழும்பி, நாவலடியில் போய்ப் படுக்கிற அந்தப் பகல்.

யாத்திரையை நடத்துகிறவன் முருகன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிறான் என்று கேட்டால், தண்ணீர் என்றுதான் சொல்வேன். காட்டுக்குள் எத்தனை மணிக்கு எழும்புவது, எந்த மரத்தடியில் இருப்பது, யாருக்குப் பின்னால் நடப்பது, எவ்வளவு பேசுவது, சோறா கஞ்சியா, எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். வேல் முன்னே போகிறது, நாங்கள் பின்னே போகிறோம். வேல் தூக்கியவரும் தண்ணீர் கிடைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் காலை வைக்கிறார். நடந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனால் யாத்திரையைப் பற்றிய பேச்சில் அற்புதங்களுக்கும் யானைக் கதைகளுக்கும் கிடைக்கிற இடம் இதற்குக் கிடைப்பதில்லை. இன்று அந்த இடத்தைக் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்.

உகந்தை வரைக்கும் தண்ணீர்க் கவலை கிடையாது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று வழிநெடுக ஊர்களும் கோயில்களும். வெயில் கொளுத்தினாலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை யாராவது வாசலில் குடம் வைத்திருப்பார்கள். வேல் வருகிறது என்று கேள்விப்பட்டால் பெண்கள் குடமும் செம்புமாக வீதிக்கு இறங்கிவிடுவார்கள். வேலுக்கு முன்னால் தண்ணீரைக் கொட்டித் தார்ரோட்டின் சூட்டைத் தணிப்பார்கள். வயதான சாமிமாரின் காலைக் கழுவிவிடுவார்கள். மோர் ஒரு வீட்டில், தேசிக்காய்த் தண்ணீர் அடுத்த வீட்டில், பிளேன்ரீ அதற்கடுத்த வீட்டில். பாணமையில் சிங்களம் பேசுகிற வீட்டு வாசலிலும் இதே உபசாரம்தான். அந்த ஊரில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மொழியும் புழங்கும். தாகம் என்ற ஒன்றையே அறியாமல் அந்த நூற்றுக்கணக்கான மைல்களையும் கடந்துவிடலாம்.

உகந்தையில் ஊர் முடிகிறது. கடலோரத்தில் பாறைக்குன்று, அடியில் முருகன், மேலே வள்ளி. கரையில் கிடக்கிற இரண்டு பெரிய கற்களை முருகனும் வள்ளியும் வந்திறங்கிய தோணிகள் என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாறை மேலே சுனைகள் உண்டு. காட்டுப்பாதை திறக்கும் நாள்வரைக்கும் சனம் இங்கே கூடிக்கிடக்கும். பாதை திறந்ததும் பெயர் பதிந்துகொண்டு உள்ளே விடுவார்கள். அதற்கு அப்பால் கூமுனைத் தேசியப் பூங்கா. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாகி, 2006இல் கூமுனை என்ற பெயரைப் பெற்ற காடு. வாகூரவெட்டையில் ஓர் இரவு தங்கி, கூமுனை வில்லு என்கிற நீர்நிலையின் பக்கமாகப் போய்க் குமுக்கன் ஆற்றை அடைந்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் யால காடு.

இனி அந்தப் பகலுக்கு வருகிறேன்.

ஆனி கடைசியில் குமுக்கன் ஆறு அகன்ற மணலாகக் கிடக்கும். ஒரு பக்கமாக முழங்காலளவு தண்ணீர் ஓடும். இரு கரையிலும் மருதமரங்கள், நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், வேர்களை ஆற்றுக்குள்ளேயே விட்டு நிற்கும். மரத்துக்கு மரம் ஒரு குழு. வேல் ஒன்றை வேரில் சாத்தி, அதற்கு முன்னால் கற்பூரம், நாலு காட்டுப்பூ. இருட்டோடு எழும்பிவிடுவோம். ஆனால் வெளிச்சம் வரும்வரை யாரும் கரையை விட்டு அசையக் கூடாது. கரடியும் யானையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிற நேரம் அது. அவற்றின் முறை முடிந்த பிறகுதான் நம்முடைய முறை.

ஓடுகிற தண்ணீரில் குளிக்கலாம், குடிக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான சனம் இறங்கி ஏறிய தண்ணீர், எருமை கிடந்து எழும்பிய தண்ணீர். குடிதண்ணீருக்கு ஊற்று கிண்ட வேண்டும். எங்கள் குழுவில் அக்கரைப்பற்றுப் பக்கத்து அம்மா ஒருவர் வருவார். எழுபதைத் தாண்டியவர், சிறுமியாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வழியால் நடந்தவர். ஊற்றுக் கிண்டுவதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். ஓடுகிற தண்ணீரிலிருந்து எட்டு, பத்து முழம் தள்ளி, கரைப்பக்கமாக, மணல் கொஞ்சம் கறுத்திருக்கிற இடத்தைக் காலாலேயே தடவிக் கண்டுபிடிப்பார். குந்தியிருந்து கையால் மணலை வாரி வாரி ஒரு பக்கத்தில் குவிப்பார். முழங்கை ஆழம் போனதும் குழியின் அடியில் கலங்கல் தண்ணீர் கசியும். எங்களில் ஒரு பிள்ளை போத்தலோடு அவசரப்பட்டுக் குனிந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பொறு மகள். முதல் தண்ணி மண்ணுக்கு. மூணுதரம் இறைச்சு ஊத்தினாப் பிறகு வாற தண்ணிதான் உனக்கு."

மூன்று தரம் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றினார். நாலாவது தரம் ஊறிய தண்ணீர் பளிங்காக நின்றது. ஆற்றுத் தண்ணீர் அந்தப் பத்து முழ மணலுக்குள்ளால் வடிந்து வருவதில்தான் சூட்சுமம். மணல் வடிகட்டியாக வேலை செய்கிறது. ஆறு வற்றிய வருடங்களில், குட்டைத் தண்ணீரையே எடுக்க நேர்ந்தால், மடியிலிருந்து தேற்றாங்கொட்டை வெளியே வரும். சட்டியின் உட்புறத்தில் அதைச் சுற்றிச் சுற்றி உரைத்து, தண்ணீரை ஊற்றி ஆடாமல் வைத்துவிடுவார். கொட்டையிலிருந்து கரைகிற பசை, தண்ணீரில் மிதக்கிற மண்துகள்களைப் பிடித்து ஒன்றுசேர்த்துக் கீழே இழுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சேறு. பிறகு வேட்டித்துண்டால் வடித்துக் கொதிக்கவைப்பார்கள். நகரங்களின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டுச் செய்கிற காரியத்தை அந்த ஒரு கொட்டை செய்து முடிக்கிறது. தேற்றாமரம் நம் வறண்ட காட்டிலேயே நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று ஒரு குழுவில் ஒருவர் இருந்தாலே பெரிது.

அடுத்தது சுமை. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லீட்டர் கானைத் தூக்கினால் ஐந்து கிலோ. அதோடு அரிசி, பயறு, தேங்காய், சீனி, சட்டி, பாய், மாற்றுடுப்பு. உரப்பைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு எழும்பி நின்றால், எதை விட்டுவிடலாம் என்று தோள் கேட்கும். அந்தக் கணக்கைச் சரியாகப் போடும் இடம் குமுக்கன் கரைதான். ஊரில் இருந்து ஆசையாகக் கொண்டுவந்த போர்வையையும் மூன்றாவது சேலையையும் வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துறவு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது அங்கே கிலோக் கணக்கில் நடக்கிறது.

நேரம் வெளித்ததும் வேல் எழும்பும். அரோகரா சொல்லி ஆற்றைக் கடப்போம். வேலுக்குப் பின்னால் வயதானவர்கள், பிறகு பிள்ளைகளோடு வருகிற தாய்மார், கடைசியில் இளந்தாரிமார். மெல்ல நடப்பவர்தான் குழுவின் வேகத்தை வைப்பவர். குழுவுக்கு ஒரே தண்ணீர்க் கணக்கு. ஒருவர் பின்தங்கினால் அவருடைய தண்ணீரும் பின்தங்கும். அதனால் யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை. காட்டுக்குள் பெயரும் கிடையாது. ஆண் என்றால் சாமி, பெண் என்றால் அம்மா. கச்சேரியில் வேலை செய்கிறவரும் கூலிக்குப் போகிறவரும் அங்கே சாமிதான். காட்டுப்பாதையில் எனக்கு மிகப் பிடித்த ஒழுங்கு இது. ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிந்துகொள்ளாமலே அவரோடு நாள்கணக்காகச் சோறு தின்று, பாய் விரித்துப் படுத்து எழும்பலாம்.

முதல் இரண்டு மணித்தியாலம் அரோகராச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். வெயில் ஏறிய பிறகு குறையும். பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அக்கரைப்பற்று அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்ன காரணம் இது: "வாயை மூடிக்கிட்டு நடங்க அம்மா. பேச்சு தண்ணியக் குடிச்சிரும்." வாயைத் திறந்தபடி நடந்தால் தொண்டை காய்கிறது, தொண்டை காய்ந்தால் கானில் கை போகிறது. ஒரு மிடறை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல், கொஞ்சத் தூரம் நடந்து பிறகு விழுங்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்த மௌனத்துக்குள்தான் காடு கேட்கத் தொடங்கும். இடது கைப்பக்கம், பற்றைகளுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத கடல் இரைந்துகொண்டே வரும். மணலில் யானையின் காலடி, அதன் மேல் மானின் குளம்பு, அதன் மேல் நமக்கு முன் போன சாமியின் வெறுங்கால். யார் எப்போது போனார்கள் என்பதை அந்த அடுக்கிலிருந்தே சொல்லிவிடுவார்கள், தெரிந்தவர்கள்.

வழியில் தண்ணீர் நிற்கிற மடு ஏதும் வந்தால் முன்னால் போகிறவர் கையை உயர்த்துவார். எல்லோரும் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகே நகர்வோம். யானை நின்றால் அது போகும்வரை காத்திருப்போம். மடுவுக்குப் பக்கத்தில் பாய் விரிப்பதும் கூடாது. பொழுதுபடும் முன்னே எடுக்கிறதை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட வேண்டும். இரவில் அந்த இடம் அவற்றுக்கு. இதைச் சட்டமாக எழுதி மாட்டிய பலகையை நான் கண்டதில்லை. வாய்வழியாக, தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு.

மத்தியானத்துக்குப் பாலைமரத்து நிழல். ஆனி, ஆடி பாலைப்பழக் காலம். மஞ்சள் மணியாகத் தரையெல்லாம் கொட்டிக்கிடக்கும். அந்த இனிப்பு பனங்கட்டியிலும் கிடையாது. பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் போகும். பழத்துக்குக் கரடியும் வரும், மரத்திலேயே ஏறும். அதனால் நிழலில் இருப்பதற்கு முன் மேலே அண்ணாந்து பார்ப்பது முதல் வேலை. அவலும் சீனியும் தேங்காய்ப்பூவும் குழைத்துச் சாப்பிட்டோம். மத்தியானம் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு வடிக்கத் தண்ணீர் போகும், தின்ற பிறகு தாகமும் கூடும்.

அந்த நிழலில் இருந்துகொண்டு ஒரு பழைய சரித்திரத்தை நினைத்துப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. போகிறவர்கள் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. காரணம் வாந்திபேதி. திருவிழாக் காலத்தில் பல ஊர்ச் சனம் ஓர் ஆற்றங்கரையில் கூடும்போது, ஒருவர் கொண்டுவந்த நோய் அந்தத் தண்ணீரால் எல்லோருக்கும் பரவியது. திரும்பிப் போகிற வழியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர், கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வை செய்ய அங்கேயே தங்கியிருந்தவர். சனம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர். காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் எழுதி 1913இல் வெளிவந்த நாவலில், நோய் துரத்த ஒரு குடும்பம் காட்டு வழியே யாத்திரை நடக்கிற பகுதி வருகிறது. பேர் மாற்றியிருந்தாலும் அது கதிர்காமம்தான் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காமக் கடவுளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அதனோடு இந்த வாந்திபேதிச் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஊற்றுக் கிண்டு, ஓடுகிற தண்ணீரைக் குடிக்காதே, கொதிக்கவை என்று நம் கிழவிகள் சொல்லிவந்த சொல்லுக்குப் பின்னால் எத்தனை சாவுகளைக் கண்ட அனுபவம் இருந்திருக்கும்!

பின்னேரம்தான் கடினம். காடு விலகி வெட்டவெளி வரும். ஒரு பக்கம் களப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. மணல் காலைச் சுடும். செருப்போடு வந்தவர்களும் மணல் புகுந்து தேய்ப்பதால் அதைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பார்கள். சூரைமுள் குத்தினால் குனிந்து எடுக்கவும் சோர்வாக இருக்கும்.

மூன்று மணி போல வேல் ஒரு பற்றை ஓரத்தில் நின்றது. அக்கரைப்பற்று அம்மா தன் கானைத் திறந்து சிரட்டையை எடுத்தார். ஆளுக்கு ஒரு சிரட்டை. வேல் தூக்கி வந்தவருக்கும் ஒரு சிரட்டை, விடியப்புறம் தொடங்கிப் போத்தலைக் காலி செய்துவிட்டுத் தலை குனிந்து நின்ற இளந்தாரிக்கும் ஒரு சிரட்டை. அவனிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்நேரம் எங்களுக்குப் பின்னால் ஒரு சிங்களக் குடும்பம் வந்துசேர்ந்தது. தாய், தகப்பன், ஒரு பாட்டி, ஐந்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை. பிள்ளை அழக்கூடச் சக்தியில்லாமல் தகப்பனின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் கானைக் கவிழ்த்துக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா சிரட்டையை நிரப்பிப் பிள்ளையின் வாயில் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சரித்துச் சரித்து, அது விழுங்குகிறதைத் தொண்டையில் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இரண்டாம் சிரட்டையையும் கொடுத்தார். பாட்டிக்கு ஒன்று. மிச்சம் கானின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதை மூடியால் அளந்து இரவு மருந்து போடுகிறவர்களுக்கென்று எடுத்துவைத்தார். தனக்கு எடுத்தாரா என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கவில்லை. அவரிடம் என் பங்கில் பாதியை நீட்டினேன், வாங்கிக் குடித்தார். மறுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அவர் கொடுத்ததும் அப்படித்தான், வாங்கியதும் அப்படித்தான்.

பொழுது சாய நாவலடி. இப்போது அங்கே தண்ணீர்ப் பவுசர் வருகிறது. நீலத்தாங்கிகள் வைத்து, குழாய் பூட்டி, படையினரும் தொண்டு செய்கிற பிள்ளைகளும் இரவு பகலாக நின்று தண்ணீர் தருகிறார்கள். வெயிலில் வாடி வருகிறவர்களின் கானை வாங்கி அவர்களே நிரப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கோடி புண்ணியம். நாங்கள் கால் நீட்டி இருந்தபோது, அந்தச் சிங்களத் தகப்பன் எங்கள் குழுவின் கான்களையெல்லாம் கேட்டு வாங்கி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தரம் போய் வந்தார். அன்றிரவு ஒரே அடுப்பில் கஞ்சி.

பவுசரால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. அதை நிறுத்தச் சொல்கிற எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனால் அது வந்த பிறகு நடந்திருக்கிற மாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். வழியில் தண்ணீர் கிடைக்கும் என்ற நினைப்பில் ஒரு சின்னப் போத்தலோடு உள்ளே வருகிறார்கள். பாதை சேறாகியோ வாகனம் பழுதாகியோ பவுசர் பிந்தினால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கொடுத்து மற்றக் குழுக்களின் கானும் காலியாகிறது. அடுத்தது பிளாஸ்டிக். குடித்து முடித்த போத்தலைப் பற்றைக்குள் எறிகிறார்கள். சோற்றுப் பொதி கட்டிய பையில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அந்த வாசனைக்கு மானும் யானையும் பையோடு சேர்த்துத் தின்கின்றன. தொண்டர்கள் யாத்திரை முடிந்து மூட்டை மூட்டையாகப் பொறுக்குகிறார்கள். கடவுளிடம் போகிற வழியில், அவன் வளர்க்கிற உயிர்களின் வயிற்றில் பொலித்தீனைப் போட்டுவிட்டு, கதிர்காமத்து மாணிக்க கங்கையில் முழுகி எழும்புவதால் என்ன ஆகப்போகிறது? இதைக் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால், யுத்த காலம் முன்னே வந்து நிற்கிறது. கூமுனைப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. கரையோர யாத்திரையும் அறுபட்டது. பாட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்க அடியார், இங்குள்ள சாமிமாரோடு 1972இலேயே நடந்தவர், 1988இல் மற்ற அடியார்களோடு சேர்ந்து அதை மறுபடி தொடக்கிவைத்தார். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. யாத்திரை மீண்டது. ஆனால் யுத்தம் நீடித்த வருடங்களில், தாயின் கையைப் பிடித்து நடந்து, ஊற்று எங்கே கிண்டுவது, எந்த மடுவில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறை கற்காமலே வளர்ந்துவிட்டது. சிலர் அகதிமுகாமில் வளர்ந்தார்கள், சிலர் வெளிநாட்டில். இன்று அவர்கள் ஆசையோடும் கண்ணீரோடும் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கும் காலத்தில் பாதை மூடிக்கிடந்தது.

இந்த அறிவு முதலில் நம்முடையதும் இல்லை. வள்ளி இந்தக் காட்டு வேடர் குலத்துப் பெண் என்பது கதிர்காமத்தின் நம்பிக்கை. வேடர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள். தாகம் என்று கிழவனாக வந்து கேட்ட முருகனைச் சுனைக்கு அழைத்துப்போனவள் அவள். கந்தபுராணம் கேட்ட எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். நாவலடிக்கு அப்பால் வியாழை தாண்டி வருகிற ஆற்றுக்கு வள்ளியம்மன் ஆறு என்றே பெயர். காட்டில் தண்ணீர் இருக்கிற இடம் தெரிந்தவளின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அந்தப் பகல் முழுக்க என் கூடவே வரும். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் பூசகரான கப்புறாளை வாய்திறவாமல் செய்கிற பூசையும், இரவில் யானை மேல் பேழை வள்ளியின் கோயிலுக்குப் போகிற பெரஹராவும், கடைசி நாள் மாணிக்க கங்கையில் நடக்கிற தீர்த்தமும், காட்டு வழியால் வந்தவர்களுக்கு வேறு மாதிரித்தான் தெரியும். அங்கே தீர்த்தம் என்று தலையில் தெளிக்கிற தண்ணீருக்காக நாங்கள் சிரட்டையை அளந்து வந்திருக்கிறோம்.

வருகிற ஆடிக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். பாட்டு, பூசை, அற்புதம் எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கின்றன, கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. உகந்தையில் பாதை திறக்கக் காத்திருக்கிற நாட்களில், எழுபதைத் தாண்டிய அம்மாமாரிடமும் ஐயாமாரிடமும் போய் இருங்கள். வாகூரவெட்டையில் பழைய ஊற்று எந்தப் பக்கம் இருந்தது, பவுசர் வராத காலத்தில் நாவலடியில் என்ன செய்தார்கள், வியாழையில் யார் எப்படித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், எந்த வருடம் எந்த மடு வற்றியது, தேற்றாமரம் எங்கே நிற்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாணமைச் சிங்களப் பெரியவர்களிடமும் கேளுங்கள், காட்டுக்குள் வருகிற வேடர் குடும்பங்களிடமும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் இடத்தையும் காட்டச் சொல்லுங்கள், குழுவோடு போய்ப் பாருங்கள். தனியாகப் பாதையை விட்டு விலக வேண்டாம். நான் அக்கரைப்பற்று அம்மாவிடம் கேட்டு எழுதிய கொப்பி ஒன்று இருக்கிறது. குமுக்கன் ஆற்றைப் பற்றியது மட்டும் அதில் உண்டு. அதன் பிரதியைக் கூட்டம் முடிந்ததும் வாசலில் வைக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம். நாவலடிக்கு அங்கால் உள்ள இடங்களுக்கு அந்தக் கொப்பியில் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை நீங்கள் நிரப்ப வேண்டும்.